ஐந்து மறுப்பும் ஓர் அனுமதியும்

ஒரு திடப்பொருள் வெளியில் ஆறு விதமாக அசையலாம். முன்பின், இடவலம், மேல்கீழ் என்று இடம்பெயர்வது மூன்று. அதே மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்புவது மூன்று. கீல் என்பது இந்த ஆறில் ஐந்தைப் பறித்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கிற பொருள். பறித்த ஐந்தில் ஏதாவது ஒன்று தளர்ந்தாலும் கீல் கெட்டது. விட்டுவைத்த அந்த ஒன்று இறுகினாலும் கெட்டது. வீட்டுக் கதவில் இந்தக் கெடுதலுக்கு நாம் பழகிவிடுகிறோம். கிறீச்சிடும், தரையில் உரசும், மழைக்காலத்தில் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். ஆனாலும் காலம் ஓடிவிடும். ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தில் அப்படி ஓட்டிவிட முடியாது.

கற்றுக்கொள்பவர்களுக்கான சாதாரண மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். இறக்கையின் பின்விளிம்பில் இருபுறமும் ஏலெரான். வாலில் படுத்திருப்பது எலிவேட்டர், நின்றிருப்பது ரட்டர். ஏலெரான் விமானத்தைச் சாய்க்கும். எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். ரட்டர் மூக்கை இடம் வலமாகத் திருப்பும். தரையில் நிற்பவர் கட்டைவிரலால் குச்சியைக் கொஞ்சம் தள்ளுகிறார். டிரான்ஸ்மிட்டரிலிருந்து ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து சர்வோ என்ற குட்டி மோட்டாருக்கும், சர்வோவின் கையிலிருந்து புஷ்ராடு என்ற கம்பிக்கும், புஷ்ராடிலிருந்து பலகையில் பொருத்திய ஹார்னுக்குமாக அந்த விருப்பம் கைமாறிப் போகிறது. முடிவில் மெல்லிய மரப்பலகை ஒன்று ஒரு கோட்டின்மேல் 10, 12 மில்லிமீட்டர் மடங்குகிறது. அவ்வளவுதான் பறத்தல். அந்தக் கோட்டைப் பிடித்து வைத்திருப்பவை முக்கால் அங்குல அகலமும் ஓரங்குல நீளமும் கொண்ட மூன்று நான்கு படலத் துண்டுகள்.

எஞ்சின் நின்றால் சறுக்கி இறக்கலாம். சக்கரம் கழன்றால் புல்தரையில் வயிற்றை வைத்து இறக்கலாம். ஒரு பக்க ஏலெரான் சர்வோ செத்தால்கூட ரட்டரை வைத்துச் சமாளிக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எலிவேட்டரின் கீல் மொத்தமாக விட்டுப்போனால் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையே இல்லை. விமானத்தின் பாகங்களில் விலை குறைந்தவற்றுள் ஒன்றின்மேல் இவ்வளவு பாரம் வைத்திருக்கிறோம். கட்டுகிறவர்களோ எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் வண்ணப் படலத்துக்கும் செலவிடும் யோசனையில் கால்வாசிகூட இதற்குச் செலவிடுவதில்லை.

*

பால்சா நகம் பட்டாலே பள்ளம் விழுகிற கட்டை. உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. அதன் ஓரத்தில், கனத்தின் சரிபாதியில், முதலில் ஒரு பென்சில் கோடு. இறக்கையிலும் ஒன்று, ஏலெரானிலும் ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் பார்த்து நிற்க வேண்டும். கீல் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, கோட்டின்மேல் கூர்மையான பிளேடால் பிளவு போட வேண்டும். ஒரே அழுத்தாக அழுத்தினால் பிளேடு நம் கோட்டை விட்டுவிட்டு மரத்தின் இழை போகிற திசைக்கு ஓடிவிடும். முதலில் மேலாக ஒரு கீறல், பிறகு அதற்குள் இன்னொன்று, பிறகு இன்னும் ஆழமாக என்று மரத்திடம் கேட்டுக் கேட்டுத்தான் இறக்க வேண்டும். ஏலெரானின் முன்விளிம்பை மேலும் கீழும் 45 பாகை அளவில் சரித்துத் தேய்த்து ஆப்பு முனையாக்குவது அடுத்த வேலை. அதைச் செய்யாவிட்டால் பலகை மடங்க இடமிருக்காது. இடம் வேண்டுமென்று நடுவில் பெரிய சந்து விட வேண்டி வரும்.

கீல் துண்டு என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் இருபுறமும் நாரிழை ஒட்டியது. பாதி இறக்கைக்குள் போகும், பாதி ஏலெரானுக்குள். நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்தால் எந்தப் பக்கமும் கூடுதலாக நுழையாது. இரண்டையும் சேர்த்து, குண்டூசியை உருவி, இன்னும் நெருக்கி, ஏலெரானை முழுக்க மடக்கிப் பிடித்தால் இடையில் கீலின் மெல்லிய கீற்று தெரியும். அந்தக் கீற்றில் தண்ணீராக ஓடும் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாரிழையைப் பற்றிக்கொண்டு பசை தானாகவே பிளவுக்குள் ஊறும். பிளவின் நடுவில் முன்கூட்டியே சிறு துளை போட்டிருந்தால் கடைசிவரை போய்ச் சேரும். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே வேலை.

இந்தப் பசை, சயனோஅக்ரிலேட், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் கையில் அகப்பட்டது. துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். இது தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் தொல்லையென்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தொல்லையே சரக்கு என்று பின்னால் விளங்கியது. 1958இல் ஈஸ்ட்மேன் 910 என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று நம்மூர்ப் பெட்டிக்கடையில் ஃபெவிக்விக்காகத் தொங்குகிறது. அது காய்ந்து ஒட்டுவதில்லை. காற்றிலும் பொருளின் பரப்பிலும் இருக்கும் ஈரம்தான் அதை இறுக்குகிறது. ஆகையால் வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளின் நேரக்கணக்கு தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் செல்லாது. ஒருபக்கம் கடல், இன்னொருபக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு, சுற்றிலும் ஏரிகள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றே பாதித் தண்ணீர். பசை உள்ளே ஊறி முடிப்பதற்குள் வாசலிலேயே இறுகிவிடுகிறது. மேலே கெட்டியாக இருக்கும். ஆழத்தில் நாரிழை நனையாமல் கிடக்கும். கண்ணால் பார்த்தால் நன்றாக ஒட்டிய கீலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பிடித்து இழுத்தால்தான் தெரியும். எல்லாக் கையேடுகளும் ஒட்டும் வேலையின் முடிவில் இழுத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வாங்கும் கீல்தான் கீல் என்றில்லை. ஃபிளாப்பி டிஸ்க் வழக்கொழிந்த காலத்தில் அதைப் பிரித்து உள்ளிருக்கும் வட்டத்தை வெட்டி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக் கீல் செய்தவர்கள் உண்டு. பழைய எக்ஸ்ரே படலமும் அந்த வேலைக்கு வந்திருக்கிறது. கயிற்றில் கட்டிச் சுற்றவிடும் கன்ட்ரோல் லைன் விமானங்களில் நூலை எட்டு வடிவில் மாற்றி மாற்றித் தைத்து எலிவேட்டரைப் பிடித்து வைப்பார்கள். அந்தத் தையலில் ஆட்டமும் இருக்காது, இறுக்கமும் இருக்காது. தெர்மகோலில் ஃபெவிக்விக் விட்டால் கரைந்து குழி விழும். ஆகவே நுரை விமானம் கட்டும் கல்லூரிப் பிள்ளைகள் டேப்பை நாடுகிறார்கள். பலகையை முழுக்க மடித்து வைத்து ஒருபக்கம் ஒட்டி, நிமிர்த்தி மறுபக்கம் ஒட்டுவது அதன் சூட்சுமம். உள்ளே வரிவரியாகக் குழாய் போன ஃபுளூட் போர்டில் இன்னும் எளிது. மேல்தோலை மட்டும் கீறிவிட்டு அடித்தோலை விட்டுவைத்தால் அந்தத் தோலே கீல். வெட்டாமல் விட்டதுதான் அங்கே வேலை செய்கிறது.

*

நம் பழைய கோயில் கதவுகளுக்கு இரும்புக் கீல் கிடையாது. கதவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் குடுமி. அது கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுழலும். எவ்வளவு கனத்த கதவானாலும் சுழலும் புள்ளி இரண்டே. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எப்போதும் ஒரு நேர்க்கோடு உண்டு. தச்சர் எங்கே குழி குடைந்தாலும் கதவு ஏதோ ஒரு கோட்டில் சுழன்றே தீரும். மூன்றாவது புள்ளி வந்தவுடன்தான் சிக்கல் தொடங்குகிறது. அது மற்ற இரண்டும் போட்ட கோட்டில் நின்றாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ போனால், ஒவ்வொரு கீலும் தனியாகப் பார்க்கையில் குற்றமற்றதாக இருக்கும். மூன்றும் சேர்ந்து, விட்டுவைத்திருக்க வேண்டிய அந்த ஓர் அசைவையும் மறுத்துவிடும். பலகை மடங்காது, மடக்கினால் முறுக்கிக்கொள்ளும், சர்வோ முனகும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

நீண்ட ஏலெரானுக்கு இரண்டு கீல் போதாது என்பதால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கவும் வழியில்லை. இறக்கை காற்றில் வளையும். முனைகளில் மட்டும் பிடித்தால் நடுவில் பலகை தனியே விலகும். ஆகவே மூன்று, நான்கு, ஐந்து கீல்கள். அத்தனையும் ஒரே கோட்டில். வலுவான கீல் வேண்டும் என்றுதான் புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலில் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே தேவைப்படுவது ஒத்துப்போதல். ஒத்துப்போன மெல்லிய படலங்கள் தாங்குகிறதை ஒத்துப்போகாத பித்தளைக் கீல்கள் தாங்குவதில்லை.

சந்தின் கதையும் இப்படித்தான். இறக்கைக்கும் ஏலெரானுக்கும் நடுவே இடைவெளி கூடினால், கீழே அழுத்தம் மிகுந்த காற்று அதன் வழியாக மேலே கசிந்துவிடும். பலகை மடங்கும், விமானம் சோம்பலாகத் திரும்பும். சந்தே இல்லாமல் நெருக்கினால் விளிம்புகள் ஒன்றையொன்று நெம்பிக் கீலைப் பிடுங்கும். அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு கீற்று விட்டு, அதையும் அடியில் மெல்லிய டேப்பால் அடைத்துவிடுவது பலரின் வழக்கம்.

இந்தக் கணக்குகளெல்லாம் பிசகினால் வருவது ஃபிளட்டர். மெக்கானிக்குகள் ஆட்டம் என்று சொல்வார்களே, அந்தச் சிறு தளர்வில்தான் அது பிறக்கிறது. இறக்கை ஒரு காற்றலையில் சற்று மேலே வளைகிறது. ஏலெரானின் எடை கீல் கோட்டுக்குப் பின்னால் இருப்பதால் அது உடனே கூட வராமல் பின்தங்குகிறது. பின்தங்கிய பலகையின்மேல் காற்று படுகிற விதம் இறக்கையை இன்னும் வளைக்கிறது. இறக்கை மீண்டு வரும்போது எதிர்ப்பக்கமாக அதே கதை. ஒவ்வொரு முறையும் ஓடும் காற்றிலிருந்து கொஞ்சம் சக்தியைத் திருடிக்கொண்டு அசைவு பெருகுகிறது. கீழே நிற்பவர் காதில் விர்ரென்று ஓர் ஒலி; அது என்னவென்று யோசிக்கத் தொடங்கும்போதே பலகை கழன்று தனியாக இறங்கிக்கொண்டிருக்கும்.

பெரிய விமானங்களும் இதைப் பட்டுத்தான் அறிந்தன. 1916இல் பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் காரணம் தெரியாமல் பயங்கரமாக அதிர்ந்தது. பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் ஆராய்ந்து பார்த்ததில், இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் தனித்தனிக் கம்பி வடங்களில் இயங்கியது தெரிந்தது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்க இடமிருந்தது. இரண்டையும் ஒரு கெட்டியான குழாயால் இணைக்க வேண்டும் என்பதே தீர்வு. இன்று மாதிரி விமானப் பெட்டிகள் பலவற்றைப் பிரித்தால் இரண்டு எலிவேட்டர் பாதிகளையும் சேர்க்க வளைத்த எஃகுக் கம்பி ஒன்று இருக்கும். அது அந்த 1916இன் பாடம். 2011 செப்டம்பர் 16 அன்று நெவாடாவின் ரீனோ பந்தயத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருந்த ஒரு மஸ்டாங் விமானம் பார்வையாளர்கள் இருந்த இடத்தில் விழுந்ததில், விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். விசாரணை கடைசியில் போய் நின்ற இடம் எலிவேட்டரின் டிரிம் டேப் (trim tab) என்ற சிறு பலகை. அதைப் பிடித்திருந்த திருகுகளின் லாக்நட்டுகள் தேய்ந்து பிடிப்பற்றுப் போயிருந்தன. திருகு தளர்ந்தது, தளர்ந்தது அதிர்ந்தது, அதிர்ந்தது உடைந்தது. மறுக்க வேண்டிய ஐந்தில் ஒன்றைக் கொஞ்சம் அனுமதித்தால் அதன் முடிவு இப்படியும் இருக்கலாம்.

*

சென்னையின் தென்புறத்துக்கும் இந்தச் சங்கதிக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் கட்டுவித்த தன் விமானத்தை 1910இல் பல்லாவரத்தில்தான் பறக்கவிட்டுச் சோதித்தார்; அதன் பிறகே தீவுத்திடலில் ஊருக்குக் காட்டினார். அந்த ஆண்டுகளில் உலகம் கீலைப் பற்றி இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. ரைட் சகோதரர்கள் விமானத்தைச் சாய்க்கக் கீலை நம்பவில்லை. கம்பிகளால் இழுத்து இறக்கையையே முறுக்கினார்கள். பறவை அப்படித்தான் செய்கிறது; பறவையின் இறக்கையில் மடங்கும் பலகை எதுவுமில்லை. கீல் வைத்த ஏலெரானோடு கிளம்பிய க்ளென் கர்டிஸ் மீது 1909இல் ரைட் சகோதரர்கள் காப்புரிமை வழக்குப் போட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் கீல் ஜெயித்துவிட்டது. முறுக்கத்தக்க இறக்கை மெலிந்தது; வேகம் கூடக்கூட இறக்கை விறைப்பாக இருந்தாக வேண்டும். விறைப்பாகவும் இருக்க வேண்டும், வளையவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளையும் ஒரே பொருளால் நிறைவேற்ற முடியவில்லை. ஆகவே விறைப்பை இறக்கைக்கும், வளைவை ஒரு கோட்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். கீல் ஒரு சமரசம்.

சமரசம் என்பதால் அது நிரந்தரமும் அல்ல. 2014, 2015இல் நாசா ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத்தின் ஃபிளாப்புகளைக் கழற்றிவிட்டு, சந்தோ கீலோ இன்றித் தோலோடு தோலாக வளையும் பின்விளிம்பைப் பொருத்திப் பறக்கவிட்டது. இன்னொரு முனையில், நான்கு விசிறி வைத்த ட்ரோனுக்கு ஏலெரானும் இல்லை, எலிவேட்டரும் இல்லை. மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அது சாய்கிறது, திரும்புகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த 2018இல், ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றதிலிருந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பறத்தல் என்றாலே ட்ரோன்தான் நினைவுக்கு வருகிறது. கீல் ஒட்டும் வேலை அதில் இல்லை. கணினி நிரல் பார்த்துக்கொள்ளும். ஆனால் மோட்டார் நின்ற கணத்தில் அது கல்லாகி விழும். இறக்கையும் கீலும் உள்ள விமானம் மோட்டார் நின்ற பிறகும் சொல்பேச்சுக் கேட்கும். கையில் இருக்கும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வீடு வந்து சேரும். எரிபொருள் தீர்ந்த பிறகும் இயக்க முடிவது என்பது சிறிய விஷயமில்லை.

அதே எம்.ஐ.டி.யில் ஐம்பதுகளில் படித்த அப்துல் கலாம், வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த ஓய்வுபெற்ற விமானங்கள் இரண்டின் அருகே மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் உட்கார்ந்திருந்ததைத் தன்வரலாற்றில் சொல்கிறார். நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டிக்குத் தமிழில் கட்டுரை எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதல் பரிசு வாங்கியதையும் சொல்கிறார். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அவருடைய வகுப்புத் திட்டம். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து வடிவமைத்தார். காற்றியக்க வடிவமைப்பும் வரைபடமும் அவருடையவை. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அதாவது, காகிதத்தில்கூட அந்த விமானத்தின் இறக்கையை வரைந்தவர் ஒருவர், அதில் ஏலெரான் எப்படி இயங்க வேண்டும் என்று கணக்கிட்டவர் இன்னொருவர்.

*

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு 1954இல் வந்து சேர்ந்தது பறத்தல் பயிற்றுநர் பள்ளி. பறக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. விமானப் பராமரிப்புக் கைவினைஞர்களைப் பழக்கும் இயந்திரவியல் பயிற்சி நிறுவனமும் அங்கே இருக்கிறது. சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் குடியிருப்பவர்கள் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதைத் தலைநிமிர்த்திப் பார்ப்பதுகூட இல்லை. இவ்வளவு விமானம் பார்த்து வளர்கிற இடத்தில் மாதிரி விமானம் பறக்கவிட முடியாது என்பது வேறு கதை. வடக்கே மீனம்பாக்கம், இங்கே படைத்தளம். 2021இன் ட்ரோன் விதிகள் வந்த பிறகு வான்வெளி வரைபடம் பார்க்காமல் எதையும் மேலே அனுப்ப முடியாது. கட்டுவது தாம்பரத்தில், பறக்கவிடுவது வண்டலூர் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் எங்கோ கிடைக்கிற தரிசில்.

எங்கள் தெருவில் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். மாடியில் நான் காயவைத்திருந்த இறக்கையை ஒருநாள் கையில் எடுத்தார். ஏலெரானை மேலும் கீழும் அசைத்தார். விளிம்போடு விரலை ஓட்டிக்கொண்டு போனார்.

"இதை யாரு பார்த்தா?"

"நான்தான் சார் ஒட்டினேன்."

"ஒட்டினது நீங்க. பார்த்தது யாரு?"

கேலியாகச் சொல்லவில்லை, அவருக்கு அது வழக்கமான கேள்வி. விமானத்தில் கட்டுப்பாட்டு அமைப்பு எதிலாவது கைவைத்தால் செய்தவர் சரிபார்த்தது கணக்கில் சேராது. அந்த வேலையில் சம்பந்தப்படாத இன்னொருவர் தனியாக வந்து, முதலிலிருந்து பார்த்து, தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். உலகெங்கும் விமானப் பராமரிப்பில் இந்த இரட்டைச் சோதனை உண்டு. அதற்கு மேல் ஃபார்ம் 700 என்ற பதிவேட்டில், ஓட்டப் போகிற விமானி படித்துப் பார்த்து, ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்ட பிறகே விமானம் நகரும். ஆகாயத்தில் ஒருவர் தன்னந்தனியாகப் பறக்கிறார் என்று நாம் நினைக்கும்போது அவருக்குக் கீழே இத்தனை கையெழுத்து இருக்கிறது.

மாதிரி விமானம் கட்டுகிறவருக்கு இது எதுவுமில்லை. கட்டியவர், சோதித்தவர், ஏற்றுக்கொண்டவர், ஓட்டியவர் நால்வரும் ஒரே ஆள். இந்தப் பொழுதுபோக்கின் கவர்ச்சியே அதுதான். அலுவலகத்தில் எதையும் முழுதாகச் செய்யக் கிடைக்காத ஒருவருக்கு, முதல் பென்சில் கோட்டிலிருந்து தரையிறக்கம் வரை எல்லாம் தன் கையால் நடப்பது பெரிய சந்தோஷம். ஆனால் அந்த ஆள் தன் கீலை இழுத்துப் பார்க்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கழன்றுவிட்டால் முழு வேலையும் வீண் என்பது கைக்குத் தெரியும். ஆகவே கழலாத அளவுக்கே இழுக்கும். பார்க்கும் கண் ஒட்டிய கையின் பக்கமே சாயும். ஒட்டும்போது எந்த இடத்தில் கவனம் பிசகியதோ அந்த இடத்திலேயே சோதிக்கும்போதும் பிசகும். கவனக்குறைவு இதற்குக் காரணமில்லை. மிகுந்த கவனத்தோடு செய்த வேலையில்தான் இது இன்னும் தீவிரமாக இருக்கும். அந்தக் கவனத்தின்மேல் நமக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிடுகிறதல்லவா.

கீலைப் பற்றிச் சொல்ல இருந்ததை இங்கேதான் சொல்ல முடிகிறது. அசையும் பலகை சுதந்திரமாக அசைகிறது என்றால், மற்ற எல்லாத் திசைகளிலும் அதை மறுப்பவை தமக்குள் ஒத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம். அந்த ஒத்துப்போதல் வானத்தில் நடப்பதில்லை; முன்பே, தரையில், மேசைமேல் நடந்து முடிந்துவிடுகிறது. ஓட்டும்போது எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு கீலைக்கூட மறுபடி ஒட்ட முடியாது. அப்படியானால் திறமையைவிட முன்னால் நிற்கும் கேள்வி, அந்த ஒத்துப்போதலை யார் கண்டு சொல்வது என்பது. அதைக் கட்டியவரால் சொல்ல முடியாது. திறமை போதாததால் அல்ல. அவரும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி என்பதால். கோட்டுக்கு வெளியே நிற்கிற ஒருவர் வேண்டும்.

பறக்கவிடும் இடங்களில் பழைய கைகள் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வந்தவரின் விமானத்தைக் கேட்காமலே கையில் எடுப்பார்கள். ஒவ்வொரு ஏலெரானையும், எலிவேட்டரையும், ரட்டரையும் நன்றாகவே இழுப்பார்கள். வாரக்கணக்கில் உழைத்துக் கட்டியவருக்குச் சுருக்கென்றிருக்கும். இவர் யார் என் வேலையைச் சந்தேகிக்க என்று தோன்றும். விமானப்படையில் அதைச் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது கையெழுத்து இல்லாமல் வேலை முடியவில்லை என்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கம் படைத்தளத்தின் மதிலைத் தாண்டி நம் மொட்டைமாடிகளுக்கு வந்தால் நல்லது. பொழுதுபோக்குக்கு மட்டும் சொல்லவில்லை. எழுதியதை எழுதியவரே திருத்தி அச்சுக்கு அனுப்புவது, கட்டியவரே கட்டடம் சரியென்று சான்று கொடுப்பது, பாடம் நடத்தியவரே தேர்வும் வைத்துப் பாடம் நன்றாக நடந்தது என்று சொல்லிக்கொள்வது எல்லாம் நம்மிடம் சாதாரணமாக நடக்கின்றன. எங்கள் தெருவின் அந்த ஓய்வுபெற்ற விமானப்படைக்காரரிடம் இப்போதெல்லாம் நானே இறக்கையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். அவர் இழுக்கிற இழுப்பில் கழன்று வருகிற கீல் கழன்று வரட்டும். தரையில் கழன்றால் இன்னொரு துண்டும் நான்கு சொட்டுப் பசையும்தான் செலவு.